கொட்டாஞ்சேனைக்கு நான் கவுன்சலிங் போனது பற்றி, மகனுக்கு

1997 யூன் 14, சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி பத்து நிமிடம். இதுவரை ஆறு தடவை போயாயிற்று.

எங்கே போனேன், எதற்குப் போனேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். நீ இப்போது பாயில் குப்புறக் கிடந்து, பின்பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்தபடி நித்திரை. உனக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். உனக்குத் தெரிந்த சொற்களில் பாதி இயந்திரங்களின் சத்தம். ஃபேனுக்கு ஒரு 'டுர்ர்', கடற்கரைப் பக்கம் போகிற ரயில் கோச்சிக்கு இன்னும் நீளமான ஒரு 'டுர்ர்'. இந்த நீ இதை வாசிக்கப்போவதில்லை. என் வயதுக்கு, முப்பத்தொன்றுக்கு வந்துவிட்ட உனக்குத்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மூடி ஒட்டப்போவதில்லை. இடையில் வேறு யாரும் எடுத்து வாசித்தால் வாசிக்கட்டும், பயன்பட்டால் நல்லது. எனக்கு அலங்காரமாக எழுத வராது. ஜெனரேட்டர் பொருத்தவும் பழுதுபார்க்கவும் படித்தவன். எங்கள் வேலையில் ஒரு இயந்திரத்தை முதன்முதலாக ஓடவிடும்போது என்ன சத்தம் வரும், எது வந்தால் பயப்படவேண்டும், எது வந்தால் பயப்படத் தேவையில்லை என்று அடுத்தவனுக்கு எழுதிவைப்போம். எனக்கு யாரும் அப்படி எழுதிவைக்கவில்லை. அதனால் நேரம் வீணாயிற்று. எனக்கு நேரம் வீணாவது பிடிக்காது.

உனக்கு இது தேவைப்படாமலே போகலாம். தேவைப்படவேண்டாம் என்றுதான் ஆசை. ஆனால் நம் வீட்டு ஆண்களை எனக்குத் தெரியும். உன் அப்பப்பா எண்பத்து மூன்று கலவரத்தில் தெகிவளை வீட்டை இழந்து, முகாமில் இருந்து, கப்பலில் யாழ்ப்பாணம் போனவர். அதற்குப் பிறகு சாகும்வரை சேர்ட்டைக் கழற்றாமல், பொக்கற்றில் பேர்ஸோடுதான் படுத்தார். நானும் தம்பியும் "அப்பா கோச்சிக்கு வெளிக்கிட்டாச்சு" என்று பகிடி பண்ணுவோம். அவரும் சிரிப்பார். ஒருநாளாவது யாராவது ஏன் என்று கேட்டோமா? இல்லை. அவரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மௌனம் ஒரு நல்ல பழக்கமாகக் கணக்கில் எடுக்கப்பட்டது. உனக்கு அது வேண்டாம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொங்கல் கழிந்த கிழமை, கோட்டைப் பக்கம் ஒரு கந்தோரில் ஜெனரேட்டர் வேலை முடித்துத் திரும்பும்போது செக்பொயின்ரில் என் பையைத் திறந்தார்கள். உள்ளே வயர், மீற்றர், ஒரு டைமர். ஜெனரேட்டர் வேலைக்காரன் பையில் டைமர் இல்லாமல் பூவா இருக்கும்? ஆனால் அந்தக் கிழமைகளில் தமிழன் ஒருவன் பையில் வயரும் டைமரும் வைத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஒன்பது நாள் உள்ளே இருந்தேன். என் சிங்கள மனேஜர் கடிதம் எழுதி, புதுக்கடைக் கோர்ட்டடியில் உன் அம்மா ஒரு லோயரைப் பிடித்து, வெளியே வந்தேன். என்னை அடிக்கவில்லை. இதை எல்லாருக்கும் சொன்னேன், அதோடு எல்லாரும் கேள்வியை நிறுத்திவிட்டார்கள். 'அடிக்கேல்லை' என்றால் 'ஒன்றும் நடக்கேல்லை' என்று நம் ஆட்களுக்கு அர்த்தம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த நாளே வேலைக்குப் போனேன்.

பங்குனியில் ஒரு பின்னேரம் உனக்குக் காய்ச்சல். எனக்குக் காலை ஆறு மணியிலிருந்து ஒரு மணிவரை வேலை, அம்மா துறைமுகத்துக்குப் பக்கத்துக் கப்பல் கந்தோரில் ரெலிபோன் ஒப்பரேற்றர், அவவுக்குப் பின்னேர வேலை. உன்னைக் கைமாற்றிக்கொண்டு ஓடுவோம். அன்று காய்ச்சல் கூடியதும் அம்மாவுக்குப் போன் அடித்துச் சொன்னேன். அவ ஓட்டோ பிடித்து வந்து கதவைத் தட்டினா. நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன், அவவின் கையில் திறப்புச் சாவி இருந்தும் பயனில்லை. தட்டினா. நான் திறக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, நிலத்தில் இருந்தேன். தட்டுவது அம்மாதான் என்று எனக்குத் தெரியும். அவ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. தெரிந்தும் எழும்ப முடியவில்லை. நீ கத்தினாய். கீழ்வீட்டு மிஸிஸ் பெரேராவும் வந்து சேர்ந்து தட்டினா. எழும்பித் திறக்க இருபது நிமிடம் பிடித்தது. டொக்டர் உன் சேர்ட்டைக் கழற்றியபோது மேற்கையில் நாலு விரல் அடையாளம். என் விரல்கள். காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. அடையாளம் போக ஒரு கிழமை எடுத்தது.

அம்மா சத்தம் போடவில்லை. உன்னை மடியில் வைத்துக்கொண்டு சொன்னா:

"உள்ளுக்கை என்ன நடந்ததெண்டு நான் கேக்கேல்லை. எனக்குச் சொல்லவும் வேண்டாம். ஆனா ஆருக்காவது சொல்லுங்கோ."

"எனக்கு ஒண்டும் இல்லை. தாழ்ப்பாள்தான் பிரச்சினை. கழட்டிவிடுறன்."

"தாழ்ப்பாளைக் கழட்டலாம். உங்களை ஆர் கழட்டிப் பாக்கிறது?"

நான் ஸ்குரூட்றைவர் எடுத்துத் தாழ்ப்பாளைக் கழற்றி அலமாரிக்குள் போட்டேன். அம்மா சம்பளமில்லாத லீவு எடுத்து வீட்டில் நின்றா. அந்த லீவு நாளை மறுநாள் திங்கட்கிழமை முடிகிறது. அதற்குள் உன்னோடு தனியாக இருக்க நான் தகுதியானவன் என்று அவ நம்பவேண்டும். இல்லாவிட்டால் கிழமை நாட்களில் நீ நுகேகொடையில், பெரியம்மா வீட்டில். சனி ஞாயிறு மட்டும் இங்கே. பெரியம்மா நல்லவ, உன்னைத் தங்கமாகப் பார்ப்பா. ஆனால் உன் கட்டில் அங்கே போகிற படம் என் தலைக்குள் வந்துவிட்டது. அதனால் அம்மா சொன்ன இடத்துக்குப் போனேன். அவவோடு வேலைசெய்கிற கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பிள்ளை ஒருவர் சொன்ன இடம். "சேர்ச்சில போய்க் கேளுங்கோ, அங்கை கதைக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம்" என்றுதான் அம்மா சொன்னா. பெரியம்மா இதைக் கேட்டதும், "கொட்டாஞ்சேனைக்கோ? வாற கிறிஸ்மஸுக்கு உங்கட வீட்டிலை குடில்தான்" என்றா.

இங்கேதான் என் முதல் பிழை. நீ செய்யாதே. நான் சனிக்கிழமை பின்னேரம் போனேன். ஆட்கள் வரிசையில் இருந்தார்கள், ஒவ்வொருவராக ஒரு மரப்பெட்டிக்குள் போய், முழங்காலில் நின்று, ஏதோ கதைத்துவிட்டு வந்தார்கள். கதைக்கிற இடம் இதுதான் என்று நானும் வரிசையில் இருந்தேன். நெற்றியில் திருநீறு. என் முறை வந்தது. உள்ளே இருட்டு, ஓட்டை ஓட்டையாய் ஒரு பலகை, அதற்கு அந்தப் பக்கம் ஒரு குரல்.

"சொல்லுங்க மகன். கடைசியா எப்ப பாவசங்கீர்த்தனம் செஞ்சீங்க?"

"நான் இதுக்கு முதல் வரேல்லை, ஃபாதர்."

"பரவால்ல. எத்தன வருஷம் இருக்கும்?"

"ஒருநாளும் வரேல்லை."

"ஞானஸ்நானம் எடுத்தீங்களா?"

"இல்லை ஃபாதர். நான் சைவம். வெள்ளவத்தையில இருந்து வாறன்."

"அப்ப யார் உங்கள இங்க அனுப்புனது?"

"மனுசி."

உள்ளே ஒரு சிரிப்பு. "இந்த வரிசையில பாதி ஆம்பளைங்கள மனுசிமார்தான் அனுப்புறது. ஆனா உங்களுக்கு நான் இல்ல. பின்னுக்கு ஒரு கட்டிடம் இருக்கு. செவ்வாக்கிழம பின்னேரம் வந்து மிஸ் டெல்பினக் கேளுங்க. கவுன்சலிங் படிச்சவங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "வந்ததுக்கு ஒரு ஆசீர்வாதம் தரட்டா? வேணாமுண்டாலும் கோவிக்க மாட்டன்" என்றார். சரி என்றேன். ஓசியில் கிடைப்பதை ஏன் விடுவான் என்று அப்போது நினைத்தேன். உண்மையில் முழங்காலில் இருந்து எழும்ப மனம் வரவில்லை. வெளியே வந்தால் வரிசையில் எனக்குப் பின்னால் இருந்த பொம்பிளை, "என்ன தம்பி, இம்புட்டு நேரம்? அவ்வளவு பாவமா?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டா.

ஆகவே முதலாவது: கவுன்சலிங் என்பது பாவசங்கீர்த்தனம் இல்லை. கத்தோலிக்கர் செய்தாலும் இல்லை. இரண்டும் ஒரே வளவுக்குள் இருப்பதால் நம் ஆட்கள் மாறிப்போகிறோம்.

மிஸ் டெல்பினுக்கு என் வயதுதான் இருக்கும். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவராம். அறை, முன்பு சாமான் போடுகிற அறையாக இருந்தது. ஒரு மூலையில் பாலன் குடிலின் மாடுகளும் இடையர்களும் பேப்பரில் சுற்றிக் கிடந்தார்கள். சுவரில் ஒரு சிலுவை. நான் அதற்கு முதுகைக் காட்டுகிற கதிரையாகப் பார்த்து இருந்தேன். மேசையில் ஒரு பழைய ஃபேன், பெயாரிங் தேய்ந்து கரகரவென்று. நான் வீட்டிலேயே ஒரு தாளில் டைப் பண்ணிக்கொண்டு போயிருந்தேன்: பழுது என்ன, எப்போது தொடங்கியது, எந்த நிலைமையில் வருகிறது, என்ன செய்து பார்த்தாயிற்று. எங்கள் கொம்பனியில் இப்படித்தான். அவ அதை வாங்கிக் குப்புற வைத்தா.

"இத பொறகு பாப்பம். இண்டைக்கு பஸ்ல எப்பிடி வந்தீங்க?"

"புறக்கோட்டையில இறங்கி மாறி வந்தனான். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்டும் இல்ல. கேட்டன்."

"எத்தனை தரம் வரோணும்?"

"தெரியாது."

"ஒரு அண்ணளவா?"

"தெரியாதுண்டா தெரியாதுதான், சேர்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மெக்கானிக் அப்படிச் சொன்னால் அவனிடம் வேலை கொடுக்கமாட்டேன். ஆனால் அவ பிறகு சொன்ன விதிகள் நேராக இருந்தன. எனக்கு நேரானது பிடிக்கும். "நான் ஃபாதர் இல்ல, பாவமன்னிப்பு தர மாட்டன். டாக்டர் இல்ல, மருந்து குளிச தர மாட்டன். தேவண்டா டாக்டர்கிட்ட அனுப்புவன். இங்க சொல்றது இங்கயே. ஒண்டே ஒண்டு, புள்ளைக்கு ஆபத்துண்டு எனக்குப் பட்டா உங்க மனுசியோட கதைப்பன். அதையும் உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் செய்வன்." பிறகு, "தொடங்க முந்தி நான் ஒரு சின்ன ஜெபம் சொல்றனான். சத்தமா சொல்லட்டா, மனசுக்குள்ள சொல்லட்டா?" என்று கேட்டா.

"மனசுக்குள்ளையே சொல்லுங்கோ." என்னை மதம் மாற்றச் சொல்லி யாரிடமோ கேட்கிறா என்று நினைத்து, ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போகிற இடத்திலும் முதல் நாள் இப்படித்தான் இருக்கும். ஒன்றும் நடக்காது. ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும், அவ கதையை நிறுத்தித் தலை குனிந்து ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்புவா, நீ பஸ்ஸுக்கு நடப்பாய், ஒரு பின்னேரம் போயிற்றே என்று உனக்குள் திட்டுவாய். இரண்டாம் தடவை அதைவிட மோசம். அவ ஏதோ சாதாரணமாகக் கேட்பா, நீ சாதாரணமாகப் பதில் சொல்வாய், வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்துவிட்டு, சாப்பிடாமல் எழும்பிப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பாய். நான் மூன்று தரம் பார்த்தேன். பழுதைத் திருத்தப் போய்ப் பழுது கூடிவிட்டது, இனிப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். "பல்லுப் பிடுங்கினாலும் முதல் நோகும்தானே அப்பா" என்றா. அடுத்த செவ்வாய்க்கிழமையும் போனேன்.

மூன்றாம் தடவை அந்த ஃபேன் சத்தம் தாங்கமுடியவில்லை. பையில் சாமான் இருந்தது. "இதைக் கழட்டட்டோ?" என்று கேட்டேன். "கையில வேல இருந்தா வாய் வருமுண்டா, கழட்டுங்க" என்றா. இது எனக்கே தெரியாத ஒன்று. நான் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு கதைக்கத் தெரியாதவன், ஆனால் கையில் ஸ்பானர் இருந்தால் கதைப்பேன். என் வேலை முழுக்க அப்படித்தான், இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உதவியாள், இரண்டு பேரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே குடும்பக் கதை முழுவதையும் சொல்லி முடிப்போம். உனக்கு எப்படி வாய் வரும் என்று எனக்குத் தெரியாது. நடந்தால் வருமா, இருட்டில் வருமா. அதைக் கண்டுபிடித்து முதல் நாளே சொல்லிவிடு. அவர்கள் கோவிக்கமாட்டார்கள். மேசை முழுவதும் திருகாணியும் கிறீஸுமாகக் கிடக்க, நான் சொன்னேன்.

உள்ளே நாங்கள் பதினைந்து பேர் ஒரு அறையில். கதவில் தட்டுவார்கள். ஏன் தட்டினார்கள் என்று தெரியாது, திறப்பு அவர்களிடம்தானே. தட்டுவார்கள், திறப்பார்கள், ஒரு பெயர் சொல்வார்கள். அந்த ஆள் போவார். சிலர் திரும்பி வந்தார்கள். எனக்குப் பக்கத்தில் படுத்தவர் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் துணி வெட்டுகிறவர். நாலாம் நாள் வந்தவர், மட்டக்களப்பு ஆள், நல்லாய்ப் பகிடி விடுவார். அவர்கள் அவசரமாகத் தட்டும் விதத்தைக் கேட்டு, "இவனிட்டச் சீத்தைத் துணி வெட்டக் குடுத்தா அரை முழம் குறையும்" என்பார். எட்டாம் நாள் காலை தட்டினார்கள். அவருடைய பெயர். அவர் எழும்பாமல் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்றவன் என்னைப் பார்த்தான். நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சின்ன விரலில் தொடங்கிப் பெருவிரல் வரைக்கும். அவர் போனார். அடுத்த நாள் என்னை விட்டார்கள். நான் வெளியே வரும்வரை அவர் வரவில்லை. பிறகு வந்தாரா, தெரியாது. அந்தக் கடைக்கு முன்னால் போகவேண்டி வந்தால் காலி வீதியைக் குறுக்கே கடந்து மற்றப் பக்கத்தால் போகிறேன்.

இதை உன் அம்மாவுக்குக்கூட அப்போது சொல்லவில்லை. ஃபேனைப் பூட்டி ஓடவிட்டேன், சத்தமில்லாமல் ஓடியது. டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஓடுது" என்றா. ஃபேனைத்தான் சொன்னா.

நாலாம் தடவை அவ ஒரு கேள்வி கேட்டா. "கதவுக்கு வெளிய யாரெண்டு பயமா, சேர்? இல்லாட்டி உள்ளுக்கு நீங்க என்ன செய்வீங்கண்டு பயமா?"

நான் எழும்பினேன். நான் படித்தவன், எனக்கு விளங்க எவ்வளவு நேரம் எடுக்கும்? கையில் நீ, வெளியே தட்டுகிற சத்தம், என் கை ஒருமுறை என்ன செய்தது என்று அதற்குத் தெரியும். இந்தமுறையும் விட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் உன்னை அப்படி இறுக்கியது. விளங்கினதால்தான் கத்தினேன். "உங்கட ஆண்டவர் அந்த அறைக்குள்ளை எங்கை இருந்தவர்? அதைச் சொல்லுங்கோ, பிறகு நான் பதில் சொல்லுறன்" என்றேன். அவ சிலுவையைக் காட்டவில்லை, வேதாகமத்தைத் திறக்கவில்லை. "எனக்குத் தெரியாது. நானும் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அதத்தான் அவர்கிட்டக் கேக்குறன்" என்றா. மணி அடிக்க முன்னமே வெளியே வந்துவிட்டேன். அடுத்த கிழமை போகவில்லை. நீயும் ஒருமுறை எழும்பி வருவாய். அதுவும் இதில் ஒரு பகுதி. ஆனால் எழும்பி வந்த காரணத்தைப் போய் அவர்களிடமே சொல்லவேண்டும், பஸ்ஸில் யாரிடமும் அல்ல.

அந்தப் போகாத செவ்வாய்க்கிழமை, ஐந்து மணிக்கு நான் வீட்டில் சாய்மனைக் கதிரையில். அம்மா உன் சின்ன உடுப்புகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தா. "என்ன இது?" என்றேன். "நுகேகொடைக்கு. இப்பவே கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுபோய் வைச்சா லேசு" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை எழுப்பியது. அன்றைக்குத்தான் அவவுக்கு விரல்களின் கதையைச் சொன்னேன். உன் உடுப்புகளை நானும் மடித்துக்கொண்டே சொன்னேன். அவ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்து, கனநேரம் அப்படியே இருந்தா. பையை அவிழ்க்கவில்லை. ஆனால் கட்டவுமில்லை.

ஐந்தாம் தடவை போய் நேராகக் கேட்டேன். "உங்கட சமயத்திலை மன்னிப்பு இருக்குதானே. தாங்கோ. நான் சொல்லவேண்டியதைச் சொல்லுறன்."

"நான் தர ஏலாது. எங்கட ஆக்களுக்கே நான் தர ஏலாது" என்றா. "நீங்க அந்த ஆளுக்குச் செஞ்சத என்கிட்ட மன்னிப்புக் கேட்டா, நான் யாரு? அவர் என் கையையா புடிச்சார்?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் சரியான பதில். மற்றவர்கள் எல்லாரும், 'அந்த இடத்தில் ஆரெண்டாலும் அதைத்தான் செய்திருப்பினம்' என்று சொல்லி என் வாயை மூடியிருப்பார்கள். அவ மூடவில்லை. 'நீ கெட்டவன்' என்றும் சொல்லவில்லை. ஒரு பாரத்தின் எடையைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி சொல்கிற ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால், அவர் சிலுவை போட்டிருக்கிறாரா, திருநீறு பூசியிருக்கிறாரா என்று பார்க்காதே. கிடைக்காவிட்டால், உன்னைப் பிரசங்கத்தால் அடிக்கிற ஒருவர் வாய்த்தால், எழும்பி வந்து வேறு ஆளைத் தேடு. எல்லாரும் டெல்பின் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஆறாம் தடவை. தொடங்கும்போது, "இண்டைக்குச் சத்தமாச் சொல்லுங்கோ, என்னதான் கேக்கிறியள் எண்டு பாப்பம்" என்றேன். அவ சிரித்துவிட்டுச் சொன்ன ஜெபம் இவ்வளவுதான்: "ஆண்டவரே, இவர் சொல்றத நான் ஒழுங்காக் கேக்க எனக்கு உதவி செய்யும்." ஆறு கிழமையாக என்னை மாற்றச் சொல்லிக் கேட்கிறா என்று நான் நினைத்தது இதைத்தான். பிறகு தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டா. எங்கள் வேலையில், எண்ணெய் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்துகிற ஒரு பாதுகாப்பு இருக்கும். அது அடிக்கடி நிறுத்துகிறதென்று சில மடையர்கள், எண்ணெய் ஏன் குறைகிறதென்று பாராமல், அதை ஒரு வயர்த் துண்டால் தாண்டிவிடுவார்கள். தற்காலிகமாக என்பார்கள். அந்த வயர் இயந்திரம் எரியும்வரை அங்கேயே இருக்கும். நான் தாழ்ப்பாளைக் கழற்றியது அந்த மடைவேலை என்று அவ சொல்லவில்லை. நானே சொன்னேன். புதன்கிழமை அதை அலமாரியிலிருந்து எடுத்துத் திரும்பக் கதவில் பூட்டினேன்.

இன்றைக்கு அம்மா, புடவை எடுக்கிறதென்று ஒரு சாட்டுச் சொல்லிப் பெரியம்மாவிடம் போயிருக்கிறா. பங்குனிக்குப் பிறகு முதன்முறையாக நீயும் நானும் தனிய. தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. அவ ஐந்தரைக்கு முதல் வரமாட்டா. வந்து தட்டுவா. இதுதான் சோதனை ஓட்டம், அவவுக்கும் எனக்கும் தெரியும். போகும்போது உன் கன்னத்தைக் கொஞ்சிவிட்டு என்னைப் பார்த்து, "பால் கரைச்சு வைச்சிருக்கிறன்" என்று மட்டும் சொன்னா.

நாலு இருபது. தட்டுகிறது.

நாலு நாற்பது. என் எழுத்து கோணலாக இருந்தால் காரணம் தெரியும். தட்டியது அம்மா இல்லை. நான் கதிரையில் இருந்தபடியே குளியலறைப் பக்கம் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன். நீ புரண்டு படுத்தாய், எழும்பவில்லை. இரண்டாம் தடவை தட்டியது. எழும்பினேன். உன்னைத் தூக்கவில்லை. இதை நான் யோசித்துச் செய்யவில்லை, கதவடியில் நின்றபோதுதான் கை வெறுமையாக இருப்பதைக் கண்டேன். "யார்?" என்றேன். பதில் விளங்கவில்லை. தாழ்ப்பாளை இழுக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. திறந்தேன். மிஸிஸ் பெரேரா, கையில் வெறும் வாளி.

"மல்லி, உடட்ட வத்துர எனவத?" தம்பி, மேலே தண்ணீர் வருகிறதா என்று சிங்களத்தில் கேட்டா. பிறகு என் முகத்தைப் பார்த்தா, பின்னால் பாயில் கிடந்த உன்னைப் பார்த்தா, திறந்திருந்த தாழ்ப்பாளைப் பார்த்தா. அன்றைக்கு அம்மாவோடு வெளியே நின்று தட்டினவ அவ. குழாயைத் திறந்து பார்த்தேன், காற்றுத்தான் வந்தது. "நே, அக்கே" என்றேன். அவ வெறும் வாளியோடு மெதுவாகப் படியிறங்கினா. நான் கதவடியில் நிலத்தில் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், உனக்கு வந்தால் வெட்கப்படாமல் இருப்பதற்கு. நீ இன்னும் நித்திரை. என்ன பிள்ளையடா நீ, வீடு இடிந்தாலும் தெரியாது.

இது திருந்திவிட்டது என்று எழுதமாட்டேன். ஒருமுறை ஓடினால் இயந்திரம் சரி என்று எழுதிக்கொடுப்பவன் கள்ளன். ஒருமுறை ஓடியது. அவ்வளவுதான். இனிச் செய்யப்போவது:

1. ஐந்தரைக்கு அம்மா தட்டுவா. திறப்பேன். மிஸிஸ் பெரேரா வந்ததைச் சொல்வேன், தாழ்ப்பாளுக்கு இரண்டு கை தேவைப்பட்டதையும் மறைக்காமல் சொல்வேன். திங்கட்கிழமையை முடிவுசெய்ய வேண்டியது அவ.

2. அவ சரி என்றால், நுகேகொடைப் பையிலிருந்து உன் உடுப்புகளை நானே எடுத்து அடுக்குவேன். இன்னும் இரண்டு கிழமை வேண்டும் என்றால், வாதாடாமல் உன்னைக் கொண்டுபோய் விட்டு, ஒவ்வொரு பின்னேரமும் பஸ்ஸில் வந்து பார்ப்பேன்.

3. செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குக் கொட்டாஞ்சேனை. எத்தனை தடவை என்று இனிக் கேட்கமாட்டேன்.

4. புதன்கிழமை வேலையால் வந்து, காலி வீதியைக் குறுக்கே கடக்காமல், அந்தப் புடவைக் கடைக்குள் போவேன். துணி வெட்டுகிற மட்டக்களப்பு ஆள் எங்கே என்று கேட்பேன். அவர் அங்கே நின்றால், அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

5. அவர் அங்கே இல்லாவிட்டால் வீட்டு விலாசம் வாங்குவேன். அந்த வீட்டிலும் ஒரு கதவு இருக்கும், அதைத் தட்டுகிறவன் நானாகத்தான் இருப்பேன். மெதுவாகத் தட்டுவேன், தட்டும்போதே என் பெயரைச் சொல்வேன். உள்ளே இருப்பவர்கள் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தாலும், திரும்பத் தட்டாமல் வெளியே நிற்பேன்.